மூன்று மணி வெயில்

என் அக்காவைப் பட்டறையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஜோடியக்கா என்றுதான். தோடு செய்ய இரண்டு கல் வேண்டும். இரண்டும் ஒரே நிறமாக, ஒரே ஆழமாக, பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் எது இடது எது வலது என்று சொல்ல முடியாததாக இருக்க வேண்டும். ஆயிரம் கல் கொட்டிக் கிடக்கும் தட்டிலிருந்து அப்படி இரண்டைப் பொறுக்கிச் சேர்ப்பதுதான் இருபத்தைந்து வருடமாக அவள் வேலை.

“ஊருக்கெல்லாம் ஜோடி சேர்த்துட்டு இவ மட்டும் ஒத்தையா நிக்கிறா பாரு,” என்பார் எதிர் மேசையில் கல் பதிக்கிறவர். லூப் என்று சொல்லும் குட்டிப் பூதக்கண்ணாடியை எப்போதும் ஒரு கண்ணில் செருகியே வைத்திருப்பதால் அவர் லூப்பண்ணன்.

“எனக்குப் பொருந்துற கல்லை இன்னும் எவனும் தோண்டி எடுக்கலண்ணே,” என்பாள் அக்கா, தலை நிமிராமலே.

இதை நான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கேட்கிறேன். வெளிநாட்டில் வேலை. விடுமுறை மூன்று வாரம். அந்த மூன்று வாரத்திலும் அக்கா லீவு போடமாட்டாள் என்பதால், அவள் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வது என் வழக்கம். விமானம் ஏறுவதற்கு முன்பே எனக்குக் கவலைகள் ஏறிவிடும். அக்காவின் ரத்த அழுத்தம், அவள் தனியாகக் குடியிருக்கும் வீட்டின் கேஸ் குழாய், மொட்டைமாடிக் கதவுத் தாழ்ப்பாள். வந்து இறங்கிய மறுநாளே எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, சோதித்தது சரிதானா என்று மறுபடியும் சோதிப்பேன்.

“நீ ஓப்பல்டா,” என்று அக்கா ஒருநாள் சொன்னாள். “பார்த்தா கல்லு மாதிரி இருக்கும். உள்ளே பூராவும் தண்ணி. கொஞ்சம் சூடு பட்டாப் போதும், விரிசல் விட்டுடும்.”

அவளுக்குக் கற்கள் எல்லாம் குணம் தெரிந்த மனிதர்கள். அந்தப் பட்டறையில் வைரம் கிடையாது, மாணிக்கம் கிடையாது, மரகதம் கிடையாது. புத்தகங்களில் உபரத்தினம் என்று போட்டிருக்கும் கற்கள்தான். சம்பளம் வாங்குகிறவர்கள் வாங்கக்கூடிய கற்கள். கார்னெட் மாதுளம்பழச் சிவப்பு. அதற்கு வெயிலும் ஒன்றுதான், இருட்டும் ஒன்றுதான். ஆனால் சுடச்சுட இருக்கும்போது தண்ணீரில் போட்டால் பிளந்துவிடும். “கோவக்காரன், ஆனா நம்பலாம்.” பெரிடாட் இளம்பச்சை. எலுமிச்சைச் சாறு பட்டால்கூட மினுக்கம் போய்விடும் என்று அதை வைத்திருக்கும் மேசையில் அக்கா யாரையும் சாப்பிட விடமாட்டாள். டர்க்காய்ஸ் வான நீலம். அது வியர்வை, எண்ணெய், வாசனைத் தைலம் எதையும் விடாமல் குடித்துப் பச்சையாகிவிடும் என்பதால், அக்கா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கையில் க்ரீம் தடவியதில்லை. சந்திரகாந்தக்கல்லுக்குள் நீல வெளிச்சம் ஒன்று நகரும். ஓங்கித் தட்டினால் தகடு தகடாகப் பெயர்ந்துவிடும். டோபாஸும் அப்படித்தான். ரொம்பக் கெட்டி, ஆனால் ஒரு திசையில் தட்டினால் ரொட்டித் துண்டு மாதிரி இரண்டாகும். லூப்பண்ணன் அப்படி ஒன்றை உடைத்துவிட்டு ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்தாராம்.

பிறகு அமெதிஸ்ட். பழைய பில்களில் செவ்வந்திக்கல் என்று எழுதியிருக்கும். ஊதா. பட்டறைக்கு வருகிற ஆர்டர்களில் பாதி அதுதான். அக்காவுக்குப் பிடித்ததும் அதுதான். அதற்கு ஒரே ஒரு பலவீனம்: வெயிலிலேயே கிடந்தால் நாள்பட நாள்பட வெளுத்துப்போகும். வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் அக்கா அதை ஒப்பித்துவிடுவாள். “போட்டுக்கிட்டு வெளியில போங்க, ஒண்ணும் ஆகாது. ஆனா கழட்டி ஜன்னல்ல வைக்காதீங்க. டப்பாவுக்குள்ள வைங்க.”

அவளுடைய இடம் ஜன்னலோரம். டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் பொய் சொல்லும் என்பாள். ஜன்னல் திண்டில், அவள் கைக்கு எட்டும் தூரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பீங்கான் பலகை. அதில் அரக்கு வைத்து ஏழு கற்கள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு வகையிலும் ஒன்று. பெரிய முதலாளி உயிரோடு இருந்தபோது பொறுக்கி ஒட்டிக் கொடுத்த மாதிரிக் கற்கள். புதுச் சரக்கு வந்தால் மாதிரிக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். அதே ஆழம் இருந்தால் ஒண்ணாம் நம்பர். ஒரு படி குறைந்தால் இரண்டாம் நம்பர். அவள் ஒண்ணாம் நம்பர் என்று சொல்லிவிட்டால் கடைக்காரர்கள் பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. அக்காவுக்கு வீடு சொந்தமில்லை, நகையென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. இந்த ஒரு சொல்தான் சொத்து.

இந்தமுறை நான் வந்த நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை, ஒரு தையல்காரம்மா படியேறி வந்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற மறந்து கடையிலிருந்து நேராக வந்திருக்கிறார் போல. கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஒரு ஜோடித் தோட்டை மேசையில் வைத்தார். ஒன்றில் கல் இருந்தது. மற்றதில் குழிதான் இருந்தது.

“துணி துவைக்கிற கல்லுல இடிச்சிருக்கேன் போல. தேடாத இடமில்ல. வடிகாலைக்கூடப் பிரிச்சுப் பார்த்தாச்சு.”

அக்கா தோட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் ஊசிமுனையால் கீறியிருந்த எண்ணைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“அட, இது நம்ம ஜோடிம்மா! இருபது இருபத்திரெண்டு வருஷம் இருக்குமே?”

“இருபத்திரெண்டு. என் மக பொறந்தப்போ வாங்கினது. அவளுக்குன்னுதான் வெச்சிருந்தேன். அடுத்த வாரம் புதன்கிழமை அவ வெளிநாட்டுக்குப் போறா, வேலைக்கு. திரும்ப எப்போ வருவாளோ.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், ஏதோ நான்தான் அவர் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறவன் மாதிரி. நான் முக்காலியை ஒரு அங்குலம் பின்னால் நகர்த்தினேன்.

“கவலையே படாதீங்க. மூணு நாள்ல தர்றேன். இதே கலர் என் பெட்டியிலேயே கிடக்கும். நான் சேர்த்த ஜோடிக்கு நான் சேர்க்கமாட்டேனா?”

தையல்காரம்மா போனபிறகு அக்கா கல்லைத் தோட்டிலிருந்து மெல்லக் கழற்றி எடுத்து, ஒண்ணாம் நம்பர் அமெதிஸ்ட் பெட்டியைத் திறந்தாள். முந்நூறு கல் இருக்கும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். எடுத்தாள், வைத்தாள், தள்ளினாள். சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. அந்தப் பழைய கல் திராட்சைப் பழத்தின் உட்புறம் மாதிரி, அடியில் லேசாகச் சிவப்பு கலந்த ஆழமான ஊதா. பெட்டியில் இருந்தவை எல்லாம் அதற்குப் பக்கத்தில் இரண்டு தண்ணீர் அலசிய துணிபோல இருந்தன.

“பழைய சுரங்கத்துச் சரக்கு,” என்றாள் கடைசியில். “அந்தக் காலத்துக் கல்லே தனி.”

மறுநாள் இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி, உடைசல் பெட்டி. மூன்றாம் நாள் பழைய கல்லை மாதிரிப் பலகையில் வைத்து, மாதிரி அமெதிஸ்டோடு சேர்த்துப் பார்த்தாள். மாதிரிக் கல்லும் பெட்டியில் இருந்ததைப் போலத்தான் இருந்தது. பிறகு இரண்டு உள்ளங்கையாலும் கண்களை அழுத்திக்கொண்டாள்.

“கண்ணுல ஏதோ கோளாறுடா. நாளைக்கு என்னைக் கண் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ.”

கவலைப்படுவதற்கு ஒரு சரியான காரணம் கிடைத்ததில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஒரு சுறுசுறுப்பே வந்துவிட்டது. காலையில் ஆறு மணிக்கே போய் டோக்கன் வாங்கினேன். டாக்டர் இளம்பெண். வண்ணப் புள்ளிகள் நிறைந்த புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிக் காட்டினார். அக்கா ஒன்றுகூடத் தப்பாமல் படித்தாள். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

“உங்க வயசுக்கு இப்படிக் கண்ணு நான் பார்த்ததில்லம்மா. புரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. தங்கமான கண்ணு.”

படிக்கட்டில் இறங்கும்போது அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அழுகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

“கண்ணு நல்லாத்தானே இருக்குன்னு சொன்னாங்க, அதுக்கு ஏன் அழறே?”

“கண்ணு கெட்டிருந்தா பரவாயில்லையேடா. கண்ணாடி போட்டுக்கலாம், ஆபரேஷன் பண்ணிக்கலாம். கண்ணு நல்லா இருந்தா, வேற எதுவோ கெட்டிருக்குன்னுதானே அர்த்தம்?”

அப்போதுதான் நான் சொல்லித் தொலைத்தேன். நான்கு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்தது. எங்கள் கல்யாணத்துக்கு அக்கா என் மனைவிக்கு ஒரு மோதிரம் கொடுத்திருந்தாள். கடுகளவு அமெதிஸ்ட் ஐந்து பதித்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால். நான்கு வருடத்துக்கு முன்னால் வந்தபோது, அதற்குச் சேரட்டும் என்று ஒரு தோடும் கொடுத்தனுப்பினாள். பெரிய கல். இரண்டும் ஒண்ணாம் நம்பர் என்று அவளே சொல்லிக் கொடுத்தது. என் மனைவி இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்துவிட்டு, “இது ரெண்டும் ஒரே கலர் இல்லீங்களே, மோதிரம்தான் கறுப்பா இருக்கு,” என்றாள். அக்கா மனசு கஷ்டப்படும், யாரிடமும் சொல்லாதே என்று நான்தான் அவள் வாயை அடைத்தேன்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“மோதிரம் கறுப்பா? சின்னக் கல்லுதான் வெளிறித் தெரியணும். பெரிய கல்லுலதான் கலர் அடர்த்தியாத் தெரியும். தலைகீழா இருக்கே.”

“ஆமாம்.”

“அதை நாலு வருஷம் கழிச்சு இப்போ சொல்றே.”

“உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு...”

“கேஸ் குழாயில ஓட்டை இருக்கான்னு ஒரு நாளைக்கு நாலு தடவை மோந்து பாக்கத் தெரியுது. இதைச் சொல்ல மட்டும் வாயைத் தெச்சு வெச்சிருந்தியா?”

பஸ் பிடித்துத் திரும்பினோம். பட்டறைக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி மூன்றே கால். செருப்பைக் கழற்றிய அக்கா, ஒரு காலை உள்ளே வைத்தபடியே நின்றாள்.

அவள் மேசை காலியாக இருந்தது. ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக இறங்கி, திண்டின்மேல், பீங்கான் பலகையின்மேல், நேராக விழுந்துகொண்டிருந்தது. ஏழு கற்களும் விளக்குப் போட்டதுபோல எரிந்தன.

பதினோரு வருடத்துக்கு முன்னால் பட்டறை இந்தக் கட்டடத்துக்கு மாறியது. பழைய இடத்தில் ஜன்னல் வடக்குப் பார்த்தது. வெளிச்சம் வரும், வெயில் வராது. இங்கே மேற்கு. மூன்று மணிக்குமேல் நேர்வெயில் விழும். நேர்வெயிலில் நிறம் பார்க்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் பால பாடம். அதனால் அக்கா மூன்று மணிக்குத் தட்டுகளை மூடி எடுத்துக்கொண்டு, சுவர் ஓரத்து மேசைக்குப் போய், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மணி கோப்பாள். சரக்குக் கற்கள் எடை போட்டு இரும்புப் பெட்டிக்குள் போய்விடும். மாதிரிப் பலகை சரக்கு இல்லை, விற்கிற பொருளில்லை. அதனால் அது இருந்த இடத்திலேயே இருக்கும். பதினோரு வருடமாக, நாள் தவறாமல், அவள் வெயிலுக்குப் பயந்து எழுந்துபோன பிறகு, வெயில் வந்து மாதிரிக் கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது.

கார்னெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரிடாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அமெதிஸ்ட் மட்டும், ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் வித்தியாசம் தெரியாத அளவில், வெளுத்துக்கொண்டே வந்திருக்கிறது. அதை வைத்துப் பார்த்துப் பார்த்து அக்கா ஒண்ணாம் நம்பர் என்று சொன்னதெல்லாம் அதோடு சேர்ந்து வெளுத்திருக்கிறது.

“அண்ணே,” என்றாள் லூப்பண்ணனிடம். மறுபடியும், “அண்ணே. கொஞ்சம் இங்க வாங்க.”

அவர் வந்து, தையல்காரம்மாவின் கல்லையும் மாதிரிக் கல்லையும் லூப் இல்லாமலே பார்த்தார். பிறகு லூப் போட்டுப் பார்த்தார். அவர் வாயிலிருந்து ஒரு கிண்டலும் வரவில்லை. எனக்குப் பயம் தந்தது அதுதான்.

“எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்ணே,” என்றாள் அக்கா. “ஜன்னல்ல வைக்காதீங்க, ஜன்னல்ல வைக்காதீங்கன்னு.”

“விடு, தங்கச்சி. நானும்தான் எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன்.”

பெரிய முதலாளியின் மகனான சின்ன முதலாளி அவள் தூக்கி வளர்த்த பிள்ளை மாதிரி. அவரிடம் அன்றைக்கே போய்ச் சொன்னாள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றிருந்த எனக்கு எல்லாம் கேட்டது. அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. வேறு யாரையும் பழிக்குச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. தன் தப்பு என்றே சொன்னாள். அவர் கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ தேவலாம். அவர் சிரித்துவிட்டார்.

“இதுக்கா இப்படி வேர்த்துக்கொட்டுது உங்களுக்கு? நான் என்னமோ பெட்டி திருட்டுப் போயிடுச்சோன்னு பயந்துட்டேன்.”

“தம்பி, பதினோரு வருஷமா ரெண்டாம் நம்பரை ஒண்ணாம் நம்பர்னு கொடுத்திருக்கோம்.”

“யாராவது வந்து கேட்டாங்களா?”

“கேக்கல.”

“அப்புறம் என்னக்கா? எல்லாக் கடைக்காரனும் நம்ம பலகையைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுக்கிறான். போன தடவை வாங்கின அதே கலர் வேணுங்கிறான். இப்போ நீங்க அடர் கலரைக் கொண்டுபோய் ஒண்ணாம் நம்பர்னா, அவன் கையில இருக்கிறது பூரா ரெண்டாம் நம்பர் ஆயிடும். நம்ம பெட்டியில இருக்கிறதும் ஆயிடும். சரக்கு அனுப்புறவன்கிட்டயும் அடர் கலர் கிடையாது. வெளிர் கலரே பாஸ் ஆகுதுன்னு தெரிஞ்ச நாள்லேருந்து அவன் ஏன் மெனக்கெட்டுத் தேடப்போறான்?”

“அதனால?”

“அதனால பலகை அப்படியே இருக்கட்டும். இனிமே அதுதான் ஒண்ணாம் நம்பர். அந்தம்மா தோட்டுக்கு ரெண்டு கல்லுமே புதுசா மாத்திப் பதிச்சுக் கொடுத்துடுங்க. கல்லுக்கும் கூலிக்கும் ஒண்ணும் வாங்க வேணாம். சரிதானே?”

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க நான் முயன்று பார்த்தேன். பட்டறையில் பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை. எதையும் சொல்லாமல் இருக்கத்தான் சொன்னார். அதில் நானும் கெட்டிக்காரன்.

அக்காவுக்கு அந்தத் தையல்காரம்மாவுக்காவது சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று ஒரு வெறி பிடித்துக்கொண்டது. மூன்று நாள் என்று சொன்ன கெடு ஏற்கெனவே தாண்டியிருந்தது. புதன்கிழமைதான் பாக்கி. லூப்பண்ணன் தனக்குத் தெரிந்த பட்டறைகளுக்கெல்லாம் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் அந்த ஒற்றைக் கல்லைப் பஞ்சில் பொதிந்து எடுத்துக்கொண்டு கல் விற்கிற தெருவில் ஏறி இறங்கினோம். நான் ஒவ்வொரு கடை வாசலிலும் கல் பத்திரமா, கல் பத்திரமா என்று கேட்டுக் கேட்டு, “அதைவிட உன்னைத்தான்டா தொலைச்சுடணும் போல இருக்கு,” என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு கடையில் ஆழம் சரியாக இருந்தது, ஆனால் நீலம் ஓடியது. ஒரு கடையில் மை ஊற்றியதுபோல இருட்டு. ஒரு கடைக்காரர் போன் திரையில் படம் காட்டினார். “போன்ல பாத்துக் கல்லு வாங்கறதும் போன்ல மோந்து பாத்துப் பூ வாங்கறதும் ஒண்ணுதான்,” என்று அக்கா எழுந்துவிட்டாள். கடைசிக் கடையில் வேண்டிய நிறம் இருந்தது, வட்டக் கல்லாக. நமக்கு வேண்டியது முட்டை வடிவம். வெட்டித் தேய்த்தால் பாதியாகிவிடும்.

“நான் ஊருக்குப் போய் அந்த மோதிரத்தை அனுப்பட்டுமா? அதுல அஞ்சு கல்லு இருக்கே,” என்றேன் திரும்பி வரும்போது. எனக்கே அது உதவாது என்று தெரியும்.

“கடுகை வெச்சுத் தோடு செய்யச் சொல்றியா?” என்றாள். சிரிக்க முயன்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் புது ஜோடி பதித்தாகிவிட்டது. பெட்டியில் இருந்ததிலேயே சிறந்த இரண்டு. அதில் ஒரு குறையும் இல்லை. இரண்டும் அச்சு ஒன்றுபோல இருந்தன. லூப்பண்ணன் இரண்டு தடவை மெருகு போட்டிருந்தார். பதினோரு மணிக்குத் தையல்காரம்மா வந்தார். இந்த முறை டேப் கைப்பையில் இருந்தது.

வந்தவர் உட்காரவில்லை. தோட்டை வாங்கிக்கொண்டு நேராக ஜன்னலுக்குப் போனார். துணிக்கு நூல் பொருத்திப் பார்க்கிறவர் செய்கிற மாதிரி, கையை நீட்டி, பகல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். அக்கா எழுந்து நின்றாள். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். அது அவளுடைய பார்வை.

“இது அந்தக் கலர் இல்லையேம்மா.”

“இல்ல,” என்றாள் அக்கா.

“ரெண்டுமே மாத்திட்டீங்களா?”

“ஆமாம்மா. ஒண்ணுக்கு ஜோடி கிடைக்கல. தேடாத இடமில்ல.” ஒரு வாரத்துக்கு முன்னால் தையல்காரம்மா சொன்ன அதே சொற்கள் தன் வாயிலிருந்து வருவதை அக்கா உணர்ந்திருப்பாளா தெரியாது. பிறகு அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வெயில், பலகை, பதினோரு வருடம். கண்ணாடித் தடுப்புக்கு உள்ளேயிருந்து சின்ன முதலாளி எட்டிப் பார்த்தார். மறுபடியும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

தையல்காரம்மா முழுவதும் கேட்டார். தோட்டை இன்னொருமுறை திருப்பிப் பார்த்தார்.

“அவளுக்குத் தெரியாது,” என்றார். “பளிச்சுன்னுதானே இருக்கு. போட்டுக்குவா.”

“உங்களுக்குத் தெரியுதே.”

“எனக்குத் தெரியுது. என்ன பண்றது? நாளைக்கு ராத்திரி பிளேன்.” பைக்குள் தோட்டை வைத்தார். “பழைய கல்லு எங்கே?”

அக்கா பஞ்சைப் பிரித்துக் காட்டினாள். கொடுக்கவில்லை. அவள் விரல்கள் மடங்கியே இருந்தன. என் அக்கா யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பா போனபோதுகூட யாரிடமும் கேட்கவில்லை.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. இந்தக் கல்லை எனக்குத் தர்றீங்களா? என்ன வேணும்னாலும் தர்றேன். நிஜமான கலர்னு என் கையில இருக்கிறது இது ஒண்ணுதான். இது போயிட்டா எனக்கு எது ஒண்ணாம் நம்பர்னே...”

தையல்காரம்மா அக்காவின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தார். தரப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

“கேக்காதீங்கம்மா,” என்றார். “அவ போயிட்டா எனக்கும் இது ஒண்ணுதான்.”

அக்காவின் விரல்கள் திறந்தன. தையல்காரம்மா கல்லைப் பஞ்சோடு எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டார். மூன்றாவது படியில் நின்று, “நீங்களும் எவ்வளவுதான் பாப்பீங்க,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அது ஆறுதலா குற்றச்சாட்டா என்று லூப்பண்ணனும் நானும் அப்புறம் பேசிப் பேசிப் பார்த்தோம். அக்கா அந்தப் பேச்சுக்கே வரவில்லை.

என் விடுமுறை இன்னும் பத்து நாள் இருந்தது. கேஸ் குழாயை நான் அப்புறம் மோந்து பார்க்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை காலையில் புதுச் சரக்கு வந்தது. ஒரு கடைக்கு நாற்பது ஜோடி, ஒண்ணாம் நம்பர் அமெதிஸ்ட். அக்கா தட்டில் கொட்டினாள். இடுக்கியை எடுத்தாள். ஒரு கல்லை எடுத்து, பலகையில் இருந்த வெளுத்த கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தன. ஒண்ணாம் நம்பர் பெட்டியில் போட்டாள். அடுத்தது. அடுத்தது. கை முன்புபோலவே வேகமாகத்தான் போனது. ஒரே ஒரு முறை, கொஞ்சம் அடர்ந்த கல் ஒன்று வந்தது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தாள். அது பலகையோடு ஒத்துப்போகாது. அதற்கு ஜோடியும் இருக்காது. உடைசல் பெட்டியில் போட்டாள்.

மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தபோது எழுந்தாள். தட்டுகளை மூடினாள். சுவர் ஓரத்து மேசைக்குப் போகப் போனவள் திரும்பி வந்து, தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் கழுவித் துடைத்து, மாதிரிப் பலகையின்மேல் கவிழ்த்து வைத்தாள். நாலு மூலையிலும் வெளிச்சம் புகாமல் ஒரு துணியைச் சுற்றிச் செருகினாள்.

“இனிமே எதுக்குக்கா அது?” என்றேன்.

“இதுக்குமேல வெளுக்கக் கூடாதில்ல,” என்றாள்.

வெயில் வந்து மூடியின்மேல் உட்கார்ந்தது. அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்தாள்.